பதினேழு வயதில் கடல் கடந்த மகன்: ஓர் இத்தாலியக் குடும்பத்தின் கடிதங்கள், 1901–1922

பின்னணி

வடமேற்கு இத்தாலியின் பியெமோந்தே பகுதியில், பியெல்லா நகரத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து 1901-ஆம் ஆண்டுக் கோடையில் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறிய ஓர் இளைஞரைப் பற்றியது இந்த ஆய்வு. அப்போது அவருக்கு வயது பதினேழு. அடுத்த 21 ஆண்டுகளில் அவரும், பின்னாளில் அவரைத் தொடர்ந்து சென்ற தம்பியும், ஊரிலேயே தங்கிவிட்ட பெற்றோரும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் பெருமளவில் அழியாமல் கிடைத்திருக்கின்றன. குடும்பத்தினரின் பெயர்களை இங்கே தரவில்லை.

இந்தக் கடிதக் கட்டில் ஒரு தனித்தன்மை உண்டு. புலம்பெயர்ந்தோரின் கடிதங்கள் என்று நமக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்தவை. ஊரில் வீடும் அலமாரியும் இருந்த இடத்திலேயே இருந்தன என்பதால் அவை தப்பின. ஊரிலிருந்து போன பதில்களோ, வேலைக்கு வேலை இடம் மாறிக்கொண்டிருந்தவர்களின் பெட்டிகளில் கிடந்து தொலைந்துபோயின. இந்தக் குடும்பத்தில் இரு பக்கக் கடிதங்களும் எஞ்சியுள்ளன. மகன் சொன்னதைப் பெற்றோர் எப்படிப் புரிந்துகொண்டார்கள், பெற்றோர் கேட்டதில் எதற்கு மகன் பதில் சொல்லவில்லை என்பதையெல்லாம் பார்க்க முடிவது அதனால்தான்.

பியெல்லாவைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். இத்தாலியப் புலம்பெயர்வு என்றதும் நிலமற்ற தெற்கத்திக் கூலிகளும் பசியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். பியெல்லா அந்தப் படத்தில் அடங்குவதில்லை. ஆல்ப்ஸ் அடிவாரத்து ஓடைகளின் நீர்விசையில் வளர்ந்த கம்பளி ஆலைகளின் வட்டாரம் அது. வீட்டில் ஆணும் பெண்ணும் ஆலை வேலை அறிந்தவர்கள். அதன் பள்ளத்தாக்குகளிலிருந்து கொத்தனார்களும் கல்தச்சர்களும் பருவந்தோறும் பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போய்த் திரும்புவது தலைமுறை வழக்கமாக இருந்தது. ஊரை விட்டுப் போவது அங்கே குடும்பத்தின் கடைசி வழியாக இருக்கவில்லை. தொழில் தெரிந்தவன் தன் தொழிலுக்கு நல்ல விலை தேடிப் போகும் ஏற்பாடாக இருந்தது.

அரசும் அதே ஆண்டில்தான் விழித்துக்கொண்டது. 1901 ஜனவரி 31-இல் நிறைவேறிய சட்டம் புலம்பெயர்வுக்கென ஒரு தலைமை ஆணையத்தை அமைத்து, கப்பல் நிறுவனங்களின் முகவர்களைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. மறுநாள் வந்த இன்னொரு சட்டம், வெளிநாட்டுச் சேமிப்பை ஊருக்கு அனுப்பும் பணியை நேப்பிள்ஸ் வங்கியிடம் ஒப்படைத்தது. 1876 முதல் 1915 வரை ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பது லட்சம் புறப்பாடுகள் பதிவாயின. 1913-இல் மட்டும் எட்டு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல். அவர்களில் திரும்பி வந்தவர்களும் மிகப் பலர்.

முதல் முடிவு: யாரிடம் போவது

இளைஞர் தனியாகப் போகவில்லை. இரண்டு தோழர்கள் உடன் இருந்தனர். கடற்பயணத்துக்கு அன்று சுமார் மூன்று வாரங்கள் பிடித்தன. ஆகஸ்ட் முதல் வாரத்தில் புவெனோஸ் ஐரிஸில் இறங்கியதும், மூவரும் நேராக அங்கே முன்பே குடியேறியிருந்த, இளைஞரின் ஞானத்தந்தையின் (ஞானஸ்நானத்தின்போது பிள்ளைக்குப் பொறுப்பேற்றவரின்) முகவரியைத் தேடிச் சென்றனர். 1876-ஆம் ஆண்டு அர்ஜென்டினக் குடியேற்றச் சட்டம், வந்திறங்குவோருக்கு ஐந்து நாள் உணவையும் தங்குமிடத்தையும் அரசுச் செலவில் அளித்தது. அந்த வசதி இருந்த துறைமுகத்தில் இறங்கியும் இவர்கள் தெரிந்தவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். ஞானத்தந்தை அவர்களைத் தம் ஊரைச் சேர்ந்த பலரிடம் அறிமுகப்படுத்தினார். எல்லோரும் ஏதோ ஓரளவு நன்றாகவே இருக்கிறார்கள் என்று மகன் எழுதினார்.

இந்தத் தேர்வை விளக்கப் பொருளாதாரக் காரணங்களைத் தேடுவோர் உண்டு. கூலி வேறுபாடு காரணம்தான். ஆனால் கூலி மட்டுமே காரணமென்றால் போவதற்கு வேறு நாடுகளும் இருந்தன. கையில் ஒரு முகவரி இருந்ததால்தான் நாடு முடிவாயிற்று என்பதே கடிதங்களின் வரிசை காட்டும் உண்மை. வேலையும் இருப்பிடமும் அறிமுகமும் அந்த முகவரி வழியாகவே வந்தன. பிறகு தம்பிக்கு அண்ணனே அந்த முகவரியாக ஆனார்.

முதல் கடிதத்தில் கண்டவை

ஆகஸ்ட் நடுவில் எழுதப்பட்ட முதல் கடிதத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அதன் தொடக்கம், நான் நலம், தோழர்களும் நலம் என்பது. நலம், நலமறிய அவா என்று எழுதி வளர்ந்த தமிழ் வாசகருக்கு இதில் விளக்கம் தேவையில்லை. கடிதம் போய்ச் சேரவே மூன்று வாரம், பதில் வர இன்னும் மூன்று வாரம் என்ற நிலையில், அந்த முதல் வரிதான் செய்தி. மற்றவை அதன் பின்னிணைப்பு.

அடுத்து மொழி. இங்கே காஸ்டிலிய மொழி (ஸ்பானிய மொழி) என்று ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள், ஆனால் அதைப் பேசும் குரலே காதில் விழவில்லை, விடுதியிலும் வேலையிடத்திலும் எல்லோரும் பியெமோந்தேப் பேச்சோ இத்தாலியமோதான் பேசுகிறார்கள் என்பது மகனின் கூற்று. மிகைதான், ஆனால் வெறும் மிகை என்று தள்ளவும் முடியாது. 1895-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரின் சுமார் ஆறரை லட்சம் மக்களில் ஏறத்தாழ 1,80,000 பேர் இத்தாலியில் பிறந்தவர்கள். ஞானத்தந்தையின் அறிமுக வட்டத்துக்குள் நடமாடிய பையனின் காதுக்கு அந்த நகரம் அப்படித்தான் கேட்டிருக்கும்.

பிறகு தெருக்கள். கடின மரக்கட்டை பதித்தோ பளிங்குபோல் வழவழப்பாகச் சிமெண்ட் பூசியோ அமைந்த சாலைகள். அவற்றில் டிராம் வண்டிக் குதிரைகளும் கோச்சு வண்டிக் குதிரைகளும் வழுக்கி விழுவது, ஒரே நாளில் இருபதுக்கு மேல் விழுவதைக் காணலாம் என்ற குறிப்பு. முழுக் கடிதத்திலும் மிக நம்பத்தக்க வரி இதுதான் என்பேன். யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததல்ல அது. அவரே தெருவோரம் நின்று பார்த்தது.

அதே கடிதத்தில் இன்னொரு செய்தியும் உண்டு: நாட்டின் குடியரசுத் தலைவர் ரோகா ஓர் இத்தாலியர், தொடர்ச்சியாக அந்தப் பதவிக்கு வந்த மூன்றாம் இத்தாலியர் என்பது. இது முற்றிலும் தவறு. ஹூலியோ ரோகா அர்ஜென்டினாவின் துகுமான் நகரில் பிறந்தவர். அவருக்கு முந்தைய இருவரான உரிபூருவும் லூயிஸ் சாயென்ஸ் பெனியாவும் இத்தாலியர் அல்லர். அதற்கும் முன் 1890 முதல் 1892 வரை பதவியிலிருந்த கார்லோஸ் பெல்லெக்ரினியின் தந்தை மட்டும், ஒரு காலத்தில் பியெமோந்தேயுடன் ஒரே அரசின் கீழ் இருந்த சவோயைச் சேர்ந்தவர். ஓர் உண்மையான இழை, பேச்சில் நீண்டு மூன்றாகிவிட்டது. வேலை தேடி நின்ற இத்தாலியர் நடுவே உலவிய பெருமைப் பேச்சை இந்த வரி அப்படியே பதிவு செய்திருக்கிறது. அரசியல் செய்திக்கு அது சான்றாகாது. வந்து பத்து நாள் ஆன பையனுக்கு யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு மிகச் சிறந்த சான்று.

அப்போது எழும்பிக்கொண்டிருந்த நாடாளுமன்றக் கட்டடத்தைப் பற்றிய செய்தி வேறு வகை. அதன் கட்டடக் கலைஞர் ஓர் இத்தாலியர், முதன்மை ஒப்பந்தக்காரரும் இத்தாலியர் என்று மகன் எழுதினார், இது சரி. கலைஞர் விட்டோரியோ மெயானோ, அதே பியெமோந்தேயின் சூசாவில் பிறந்தவர். கட்டி முடிவதைத் தாம் பார்க்கப் போவதில்லை என்ற வருத்தமும் கடிதத்தில் இருந்தது. பின்னர் அதே கட்டட வேலையில் மகனே சேர்ந்தார் என்பதை அறிந்த பிறகு அந்த வரியைப் படிப்பது வேறோர் அனுபவம். மெயானோ 1904-இல் கொலையுண்டார். கட்டடம் முழுமையடையாத நிலையிலேயே 1906-இல் திறக்கப்பட்டது.

நகரத்துக்கு வெளியே போனால் மண் வீடுகளும், கண்ணுக்கெட்டிய தூரம் மரமே இல்லாத சமவெளியும்தான் என்று எழுதிய பத்தியும் கவனிக்கத்தக்கது. ஆல்ப்ஸ் மலையைத் தினமும் பார்த்து வளர்ந்தவர் பாம்பாஸ் சமவெளியைப் பாலைவனம் என்றார். ஆகஸ்ட் மாதம் தெற்கில் குளிர்காலம் என்பதும் அந்தக் காட்சியை இன்னும் வெறுமையாக்கியிருக்கும். உலகின் மிக வளமான கோதுமை நிலங்களில் ஒன்று அது.

இரண்டாவது முடிவு: மென்டோசா

முதல் கடிதத்தை எழுதும்போது மகனுக்கு வேலை கிடைத்திருக்கவில்லை. தோழர்களில் ஒருவருக்கு மட்டும் ஓர் இரும்புப் பட்டறையில் இயந்திரப் பணி, மாதம் 80 ஸ்கூடோ சம்பளத்தில் அமைந்திருந்தது. தலைநகரிலேயே காத்திருப்பதா, வேலை இருக்கும் இடத்துக்கு நகர்வதா என்ற கேள்விக்கு ஒரு மாதத்துக்குள் முடிவு எடுக்கப்பட்டது. செப்டம்பர் கடிதம், ரயில் பாதையில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் ஆண்டீஸ் அடிவாரத்திலுள்ள மென்டோசாவிலிருந்து எழுதப்பட்டது.

இது சரியான முடிவா என்று கேட்பதைவிட அது எவ்வளவு வேகமாக எடுக்கப்பட்டது என்பதைக் கவனிப்பது பயன்தரும். பெற்றோரின் முதல் பதில் வந்து சேர்வதற்குக்கூட அவகாசம் இல்லை. முதல் கடிதம் இத்தாலிக்குப் போய்ப் பதில் திரும்ப ஆறு வாரங்களாவது ஆகும். மகன் இடம் மாறியதோ ஐந்து வாரங்களுக்குள். அதாவது, பெற்றோர் யோசித்து எழுதிய அறிவுரை, மகன் ஏற்கெனவே விட்டுப்போன முகவரிக்கு வந்து சேர்ந்தது. இந்த இடைவெளி குடும்பத்தின் உறவு முறையையே மாற்றிவிட்டது. முடிவெடுக்கும் உரிமை, யாரும் கொடுக்காமலும் கேட்காமலும், பதினேழு வயதுப் பையனின் கைக்கு வந்துவிட்டது. ஊரில் ஆலைக்குப் போய்வந்துகொண்டு அப்பாவின் வீட்டில் இருந்திருந்தால் இது நடக்கப் பல ஆண்டுகள் பிடித்திருக்கும்.

பிற்பாடு புவெனோஸ் ஐரிஸுக்குத் திரும்பிக் கட்டட வேலை, அங்கிருந்து மீண்டும் உள்நாட்டின் கட்டுமானப் பணிகள் என்று அவரது வாழ்க்கை வேலைகளைத் தொடர்ந்து நகர்ந்தது. பியெல்லாக் கொத்தனார்கள் ஐரோப்பாவில் செய்த பருவப் பயணத்தின் அதே வடிவம், நூறு மடங்கு பெரிய வரைபடத்தில்.

பணக் கணக்கில் ஒரு சிக்கல்

ஸ்கூடோ என்ற சொல்லில் எனக்கு நீண்ட நேரம் தடங்கல் இருந்தது. அர்ஜென்டினாவின் நாணயம் பெசோ. ஆனால் அங்கிருந்த பியெமோந்தேக்காரர்கள் அதைத் தம் வழக்குப்படி ஸ்கூடோ என்றே குறித்தார்கள். இத்தாலியில் ஸ்கூடோ என்றால் பேச்சு வழக்கில் ஐந்து லிரா வெள்ளி நாணயம். அர்ஜென்டினாவின் தங்க பெசோவும் ஐந்து லிராவுக்குச் சமம். ஆகவே அந்தப் பெயர் முதலில் பொருந்தியே வந்தது. ஆனால் கூலி கைக்கு வந்தது காகிதப் பெசோவில். 1899-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு காகிதப் பெசோவின் மதிப்பை ஒரு தங்க பெசோவின் நூற்றில் 44 பங்காக நிலைநிறுத்தியது. கணக்குப் பார்த்தால் அது 2.20 லிரா.

ஆகவே மாதம் 80 ஸ்கூடோ என்பது புவெனோஸ் ஐரிஸில் சுமார் 176 லிரா. ஊர்ப் பொருளில் படித்தால் 400 லிரா. கடிதம் கிராமத்தில் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் பொருளாக இருந்தது. கேட்டவர்கள் எந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள்? விவரம் தெரிந்தவர் பக்கத்தில் இருந்து திருத்தியிருக்கலாம். ஆனால் மகன் நிறையச் சம்பாதிக்கிறான், பணம் மட்டும் வரவில்லையே என்ற மனக்குறை ஊரில் உருவாவதற்கு இப்படி ஒரு சொல்லே போதும் என்பது என் ஊகம். நாணய மாற்று விகிதம் ஒருபுறம் இருக்க, புவெனோஸ் ஐரிஸின் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் எந்த ஊர்க் கணக்கிலும் வராதவை.

எழுதாத மாதங்கள்

பெற்றோரின் கடிதங்களில் அடிக்கடி திரும்பி வருவது ஒரே குறை: ஏன் எழுதவில்லை. மூத்த மகன் சரளமாக எழுதத் தெரிந்தவர், முதல் கடிதமே அதற்குச் சாட்சி. ஆனாலும் இடைவெளிகள் நீண்டன. இதை அன்பு குறைந்துபோனதாக எடுத்துக்கொள்வது எளிது. இரு பக்கக் கடிதங்களையும் தேதிவாரியாக அடுக்கிப் பார்க்கும்போது வேறொன்று தென்படுகிறது. வேலை இல்லாதபோதும், அனுப்பப் பணம் இல்லாதபோதும் எழுதுவது கடினம். நல்ல செய்தி வந்ததும் எழுதலாம் என்று தள்ளிப்போட்டவர், அது வரும்போது தாமதத்துக்கான மன்னிப்பையும் சேர்த்து எழுத வேண்டியிருந்தது. எழுதாமை இங்கே ஒருவகைச் செய்தி. பெற்றோரும் அதை அப்படித்தான் படித்தார்கள். அதனால்தான் அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஆட்களிடமெல்லாம் விசாரித்தார்கள், மற்ற வீடுகளுக்கு வந்த கடிதங்களிலிருந்து தம் மகனைப் பற்றித் தெரிந்துகொள்ள முயன்றார்கள்.

மூன்றாவது முடிவு: தம்பி

1912-இல் தம்பியும் அர்ஜென்டினாவுக்குப் போனார். அண்ணனைப் போலன்றித் தொழிற்பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுப் போனவர் அவர். அண்ணன் பதினோராண்டு அனுபவத்தில் சேர்த்த தொடர்புகள், தம்பி இறங்கும்போது தயாராக இருந்தன. ஆனால் காலம் சரியாக அமையவில்லை. அடுத்த ஆண்டே ஐரோப்பிய மூலதனம் வறண்டு, கட்டுமான வேலைகள் சுருங்கி, அர்ஜென்டினா பொருளாதார நெருக்கடிக்குள் சென்றது. படித்த தம்பிக்கு நிலையான இடம் கிடைக்கத் தாமதமாயிற்று.

பெற்றோரின் நிலையிலிருந்து பார்த்தால் இது மிகக் கனமான முடிவு. முதல் மகன் போனபோது வீட்டில் இன்னொரு மகன் இருந்தார். இரண்டாமவரும் போன பிறகு, முதுமையில் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்குக் கடிதமும் பணமும் தவிர வேறு விடையில்லை. ஆயினும் அவர்கள் தடுக்கவில்லை. பிள்ளைகள் தொழிலில் உயர வேண்டும் என்ற ஆசையும் அருகில் இருக்க வேண்டும் என்ற ஆசையும் ஒரே கடிதத்தில், சில நேரம் ஒரே பத்தியில் வருகின்றன.

நான்காவது முடிவு: போர்

1915 மே 24-இல் இத்தாலி உலகப் போரில் இறங்கியது. வெளிநாட்டிலிருந்த இளைஞர்களுக்கும் அழைப்பு வந்தது. உலகெங்கிலுமிருந்து ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் திரும்பிப் போய்ப் படையில் சேர்ந்தனர்; போகாதவர்கள் இன்னும் அதிகம். இந்தச் சகோதரர்கள் திரும்பவில்லை. திரும்பாதவர்கள் சட்டப்படி கடமை தவறியவர்கள், பின்னர் ஊர் எல்லையில் கால் வைத்தால் சிக்கல் வரலாம் என்ற அச்சம் எல்லாப் புலம்பெயர் குடும்பங்களிலும் இருந்தது. பிள்ளைகளைக் காண வேண்டும் என்று ஏங்கிய பெற்றோருக்கு, அவர்கள் வராமல் இருப்பதே பாதுகாப்பு என்ற நிலை.

போரின் விளைவு பணத்தில்தான் நேரடியாகத் தெரிந்தது. போருக்கு முன் ஒரு அமெரிக்க டாலருக்கு ஐந்து லிராவும் சொச்சமும். 1920-இல் இருபது லிராவுக்கு மேல். வெளிநாட்டிலிருந்து வந்த பெசோ, லிராவாக மாறும்போது முன்னைவிடப் பன்மடங்கு ஆயிற்று. ஊரில் விலைவாசியும் ஏறியதால் அந்தப் பெருக்கத்தில் ஒரு பகுதி கரைந்தது. ஆனாலும் ஆலை வேலைக்குப் போக முடியாத வயதில், சேமிப்பின் மதிப்பு உருகிக்கொண்டிருந்த பெற்றோருக்கு, மகன்களின் பணம் உதவி என்ற நிலையிலிருந்து பிழைப்பு என்ற நிலைக்கு மாறியது. இருபது ஆண்டுகளுக்கு முன் பணம் அனுப்பவில்லை என்ற குறைக்கு ஆளான மூத்த மகனே இப்போது பொறுப்பேற்றவர்களில் ஒருவர்.

விளைவு

1922-இல் பெற்றோரின் காலம் முடிந்தது; அத்துடன் இந்தக் கடித வரிசையும் முடிந்தது. மூத்தவர் அர்ஜென்டினாவிலேயே குடும்பம் அமைத்து நிலைத்துவிட்டார். ஊர் திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டேன் என்று நாள் குறித்துச் சொல்லும் கடிதம் என்று எதையும் காட்ட முடியாது. அடுத்த வேலை முடியட்டும், நிலைமை சீராகட்டும், போர் ஓயட்டும் என்று தவணைகள் மாறிக்கொண்டே போயின. திரும்பிப் போக ஊரில் பெற்றோர் இல்லை என்றானபோது கேள்வியும் இல்லாமற்போனது.

வாசிப்பில் மாற்ற வேண்டியவை

முதல் வாசிப்பில் நான் மகனின் கடிதங்களை மட்டும் தனியாக எடுத்து வரிசையாகப் படித்தேன். அது தவறு. அப்படிப் படித்தால் துணிவுள்ள ஓர் இளைஞன் ஒரு கண்டத்தைக் கண்டறியும் கதை கிடைக்கிறது. பெற்றோரின் கடிதங்களை இடையிடையே வைத்தபோதுதான், ஒவ்வொரு முடிவுக்கும் ஊரில் ஒருவர் காத்திருந்தார் என்பது தெரியவந்தது. அடுத்த முறை கடிதங்களை எழுதிய தேதிப்படி அடுக்க மாட்டேன், போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய தேதிப்படி அடுக்குவேன். மென்டோசாவுக்குப் போன பிறகு பழைய முகவரிக்கு வந்த அறிவுரையின் பொருள் அப்போதுதான் விளங்கும்.

கடிதத்திலுள்ள தொகைகளை உடனுக்குடன் லிராவில் மாற்றிக் குறித்துக்கொள்வதும், பார்த்ததாக எழுதியவற்றையும் கேட்டதாக எழுதியவற்றையும் வேறு வேறு நிறத்தில் அடிக்கோடிடுவதும் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டியவை. ரோகா இத்தாலியர் என்ற வரி ஒரு நிறத்திலும் வழுக்கி விழுந்த குதிரைகள் இன்னொரு நிறத்திலும் இருந்திருக்கும்.

இன்னொன்றையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்: யார் எதைப் பாதுகாத்தார்கள் என்பது. மகன்களின் கடிதங்கள் ஊர் வீட்டில் இருந்ததில் வியப்பில்லை. ஊரிலிருந்து வந்த கடிதங்கள் அர்ஜென்டினாவில் அறைக்கு அறை, வேலைக்கு வேலை மாறிய மகன்களின் பெட்டியில்தான் இருந்திருக்க வேண்டும். ஏன் எழுதவில்லை என்று கேட்கும் அந்தக் கடிதங்களை, எழுதாதவர்களே பத்திரமாக வைத்திருந்தார்கள்.